கீரிப்பிள்ளைய பொழைக்க வைக்காதீங்க

கேள்வி: என் பையனுக்கு 6 வயசு, வீட்ல 5 மாசத்துல ஒரு பொம்பளப் பாப்பாவும் இருக்கா. பையன் தினம் ராத்திரி மிருகக் கதை கேட்டாத்தான் தூங்குவான். போன மாசம் கீரிப்பிள்ளை கதை சொன்னேன். பாம்புகிட்டேர்ந்து குழந்தைய காப்பாத்தின கீரிய, வாயில ரத்தத்த பாத்துட்டு அந்த அம்மா தண்ணிக்குடத்த போட்டு கொல்ற இடம் வந்ததும் தேம்பித் தேம்பி அழுதான். மறுநாள் ஸ்கூலுக்கு போகமாட்டேன்னு தொட்டில் பக்கத்துலயே உக்காந்துட்டான். அதுலேர்ந்து நான் கதைய மாத்திட்டேன், கீரிக்கு லேசா அடிபட்டுச்சு, டாக்டர் வந்து கட்டு போட்டார், சரியாப் போச்சு. உங்க பத்திரிகையிலயும் போன இதழ் கதையில ஒரு கிழட்டு நாய் செத்துப்போகுது. சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இந்த சோகமெல்லாம்? நட்பு, பாசம்னு நல்லத மட்டும் சொல்லி கடைசில ஒரு நீதி வச்சு முடிச்சா போதாதா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதுங்க. பையன் அழுதத படிச்சப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த டாக்டர கதைக்குள்ள கூட்டிட்டு வந்தது தப்புங்க, அத நேராவே சொல்லிடறேன்.

உங்க கடிதத்துல போற போக்குல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க, அதத்தான் நான் திரும்பத் திரும்ப படிச்சேன். மறுநாள் அவன் தொட்டில் பக்கத்துலயே உக்காந்துட்டான்னு. பயந்துட்டான்னு நீங்க நெனைக்கிறீங்க. எனக்கு அப்படி படல. கதைய ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க, கீரியும் குழந்தையும் ஒரே வீட்ல ஒண்ணா வளருது, அந்த அம்மா கீரிக்கும் பால் ஊத்தி பிள்ளை மாதிரிதான் பாத்துக்கறா, ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் அரிச்சிட்டே இருக்கு, இது எப்பயாவது பாப்பாவ கடிச்சிடுமோன்னு. இப்ப உங்க வீட்ட நெனச்சுப் பாருங்க. பாப்பா திடீர்னு வீல்னு கத்துனா, அடுப்படியிலேர்ந்து ஓடி வர்றப்பவே நம்ம வாயில என்ன வருது? "டேய், பாப்பாவ என்னடா பண்ணின?" நீங்க அப்படி கேட்டீங்கன்னு நான் சொல்லல, நான் வந்து பாக்கல, ஆனா ரெண்டாவது பிள்ளை பொறந்த வீட்ல இந்த வார்த்தை வராம இருக்கறது ரொம்ப கஷ்டம், எங்க வீட்லயும் வந்துச்சு. அந்தக் கதையில உங்க பையன் கீரியாத்தான் இருந்திருக்கான்னு எனக்கு தோணுது. அவன் நல்லது பண்ணியும் ஒரு வார்த்தை கேக்காம அடிச்சுட்டாங்களேன்னுதான் அந்த அழுகை, மறுநாள் தொட்டில் பக்கத்துல அவன் காவலுக்கு உக்காந்திருக்கான்.

அதுக்கப்புறம் நீங்க டாக்டர வரவச்சீங்க. கீரி பொழச்சிடுச்சு, சரி, ஆனா அதோட அந்த அம்மா பண்ணினதும் ஒண்ணுமில்லாம ஆயிடுச்சு பாருங்க. கேக்காம அடிக்கலாம், அப்புறம் கட்டு போட்டுக்கலாம்னு ஆயிடுது. பையன் மனசுல இருந்த கேள்வி, அம்மா ஏன் கேக்கலங்கற கேள்வி, அதுக்கு நீங்க பதிலே சொல்லல, கேள்விய தூக்கி ஓரமா வச்சுட்டீங்க.

இந்தக் கதை எவ்ளோ தூரம் போயிருக்குன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. பஞ்சதந்திரத்துல அஞ்சாவது தந்திரம், யோசிக்காம செய்யற காரியத்த பத்தினது, அதுல வருது. 8ஆம் நூற்றாண்டுல பஞ்சதந்திரம் அரபியில கலீலா திம்னான்னு போச்சு, நம்ம கரடகன் தமனகன் நரிங்களோட பேருதான் அப்படி மாறிப்போச்சு, அங்கேர்ந்து ஐரோப்பா. பிரான்ஸ்ல லியோன் பக்கம் 13ஆம் நூற்றாண்டுல கீரி வேட்டை நாயா மாறிடுச்சு, அங்கயும் பாம்புதான், அங்கயும் அவசரப்பட்டு கொன்னுட்டாங்க, அந்த நாய்க்காக ஜனங்க எவ்ளோ உருகியிருக்காங்கன்னா அத ஒரு புனிதராவே கும்பிட்டு நோயாளிக் குழந்தைங்கள அந்த எடத்துக்கு தூக்கிட்டு போயிருக்காங்க. வேல்ஸ் நாட்டுல பெத்கெலர்ட்னு ஒரு ஊர், அங்க பாம்பு ஓநாயா ஆயிடுச்சு, கெலர்ட்ங்கற அந்த நாயோட கல்லறைன்னு ஒண்ண காட்டுறாங்க, இன்னைக்கும் ஆளுங்க போய் பாத்துட்டு வர்றாங்க. மிருகம் மாறுச்சு, நாடு மாறுச்சு, மதம் மாறுச்சு. கீரிய மட்டும் யாரும் பொழைக்க வைக்கல, ஏன்னா அது பொழச்சுட்டா சொல்றதுக்கு அங்க கதையே இல்ல.

சரி, அப்ப அழற பிள்ளைய அழ விட்டுட்டு போயிடணுமான்னா, இல்ல. அதுக்கு வழி நம்ம சிலப்பதிகாரத்துலயே இருக்கு. அடைக்கலக் காதையில மாடலன்னு ஒரு மறையவன் கோவலன்கிட்ட அவன் முன்ன பண்ணின நல்ல காரியங்கள எல்லாம் சொல்லிட்டு வருவான், அதுல இந்தக் கீரிய கொன்ன அம்மாவும் வர்றா. புருஷன் இனிமே உன் கையால சாப்பிடறது தகாதுன்னு அவள விட்டுட்டு வடக்க போறான், போறப்ப வடமொழியில ஒரு ஏடு எழுதிக் குடுக்கறான். அவ அத வச்சுக்கிட்டு புகார் நகரத்துல கடைத்தெரு, வியாபாரிங்க வீடுன்னு வாசல் வாசலா போய், என் பாவத்த தீத்துட்டு அந்தப் புண்ணியத்த வாங்கிக்கோங்கன்னு கூவறா. கோவலன் கூப்பிட்டு, உனக்கு என்னம்மா துயரம், இது என்ன ஏடுன்னு கேக்கறான். கேட்டுட்டு அவ பாவம் தீர தானம் பண்ணி, போன புருஷனையும் தேடிக் கூட்டி வந்து சேத்து வச்சு, பொழைக்க பொருளும் குடுக்கறான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. செத்த கீரிய இளங்கோ திரும்பக் கொண்டு வரல, ஆனா கதைய அதோட விடவும் இல்ல, அதுக்கப்புறம் அந்த அம்மா எப்படி இருந்தா, அவள யாராவது கூப்பிட்டு கேட்டாங்களான்னு பாத்திருக்கார். நீங்களும் அதத்தான் பண்ணணும். முடிவ மாத்தாம அதுக்கு அந்தாண்ட கதைய கொண்டு போங்க.

முடிவ மாத்தினா என்ன ஆகும்னு எனக்கே நடந்திருக்கு. எனக்கு 8 வயசு, எங்க வீட்ல ஒரு கிடாக்குட்டி வளர்த்தோம், குலசாமிக்கு நேந்துவிட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லல. அகத்திக்கீரை ஒடிச்சு போடறது, சாயங்காலம் அவுத்துட்டு போய் மேய்க்கறது எல்லாம் நான்தான், ராத்திரி என் போர்வையத்தான் வந்து மெல்லும். ஒரு நாள் என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வந்தா கயிறு மட்டும் முளைக்குச்சியில கெடக்கு. எங்கன்னு கேட்டா ஓடிப்போச்சுன்னாங்க. நான் அழக்கூடாதுன்னுதான் அப்படி சொன்னாங்க, அவங்க மேல இப்ப எனக்கு வருத்தம் இல்ல. ஆனா ஓடிப்போச்சுன்னு சொன்னா பிள்ளை என்ன பண்ணும்? தேடும். கம்மாக்கரை, கருவேலங்காடு, பக்கத்து ஊர் மந்தைன்னு தேடினேன், எந்த ஆடு கத்தினாலும் ஓடிப் போய் பாப்பேன். நான் சரியா கட்டாததாலதான் ஓடிருச்சோன்னு வேற நெனச்சுக்கிட்டேன், அத யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு கிடாய வெட்டறப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அன்னைக்கு அழுத அழுகையில பாதி, இத்தன நாள் எல்லாரும் தெரிஞ்சே என்னை தேட விட்டாங்களேன்னுதான்.

போன இதழ் நாய் கதைக்கு வர்றேன். அதுல யாரும் தப்பு பண்ணல, வயசாச்சு, போயிடுச்சு. இந்த மாதிரி சாவையும் பிள்ளைங்க கதைக்குள்ள கொண்டு வரலாம்னு காட்டின ஒரு புத்தகம் அமெரிக்காவுல 1952ல வந்துச்சு, ஈ.பி. வைட் எழுதினது, ஒரு பன்னிக்குட்டிக்கும் ஒரு சிலந்திக்கும் நட்பு. வைட் மெய்ன் மாநிலத்துல சொந்தமா பண்ணை வச்சிருந்தவர், சிலந்திங்கள பத்தி நல்லா படிச்சுட்டு எழுதினார். அந்த வகைச் சிலந்தி இலையுதிர் காலத்துல முட்டைப் பைய பின்னி வச்சுட்டு செத்துப்போயிடும், அதோட ஆயுசே அவ்ளோதான். பன்னிக்குட்டிய காப்பாத்தின சிலந்திய கடைசில பொழைக்க வைக்கணும்னா அவர் சிலந்திய பத்தி பொய் எழுதியிருக்கணும், எழுதல. சிலந்தி சாகுது, பன்னிக்குட்டி அந்த முட்டைப் பைய வாய்க்குள்ள வச்சு பத்திரமா ஊருக்கு கொண்டு வருது, வசந்தத்துல குஞ்சுங்க பொரிச்சு நூல் விட்டு காத்துல பறந்து போகுதுங்க, மூணு மட்டும் அங்கயே தங்குது. அதுக்காக சிலந்திய மறந்தாச்சுன்னு இல்ல, அவ எடம் அவளுக்குத்தான்னு பன்னிக்குட்டிக்கு தெரியுது. வளர்றதுன்னா இதுதாங்க, வேற என்னன்னு எனக்கு சொல்லத் தெரியல.

நட்பு பத்தி நல்லத மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்களே, பஞ்சதந்திரம் முதல் தந்திரத்தையே எதுல ஆரம்பிக்குதுன்னா மித்திர பேதத்துல, நட்ப பிரிக்கறதுல. சிங்கமும் காளையும் உயிருக்கு உயிரா இருக்கு, தமனகன் நடுவுல பூந்து அவன் உன்னை கொல்லப் பாக்கறான்னு ரெண்டு பக்கமும் கோள் மூட்டி சிங்கமே காளைய கொன்னுடுது. அடுத்ததுதான் மித்திர லாபம், காக்கா, எலி, ஆமை, மான். அதுலகூட எலி உடனே வளைய விட்டு வெளிய வரல, நான் உனக்கு இரை, உன்னோட எப்படி சிநேகம் வைக்கறதுன்னு காக்காகிட்ட கேக்குது, பேசிப் பேசித்தான் நம்பிக்கை வருது. ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, "அவன் உன்கூட பேசமாட்டேன்னு சொன்னான்டா"ன்னு நடுவுல வந்து சொல்ற ஒரு தமனகன் அவன் பெஞ்சுலயே இருப்பான்.

நீதி வேண்டாம், தயவுசெய்து. கண்ணுல தண்ணி நிக்கிற பிள்ளைகிட்ட "இதுலேர்ந்து என்ன தெரியுது?"ன்னு கேட்டா அது பரீட்சை ஆயிடும், அவனும் மூக்க உறிஞ்சிட்டு "அவசரப்படக்கூடாது"ன்னு ஒப்பிச்சுடுவான், அதோட முடிஞ்சது. நம்ம பத்திரிகையில கதைக்கு கீழ நீதி கட்டம் போடறத நிறுத்தினதும் அதனாலதான்.

ஒரு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். லைட் அணைக்கறதுக்கு முன்னாடி சொல்ற கதை இல்ல இது, இருட்டுல தனியா அத வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான். சாயங்காலம் சொல்லுங்க, பாப்பா பக்கத்துல இருக்கும்போதே சொல்லுங்க. ரத்தத்த ரொம்ப விவரிக்க வேண்டாம். வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தா கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. முதல்ல அந்த டாக்டர் கதை நான் மாத்திச் சொன்னதுடா, நிஜக் கதையில கீரி செத்துப்போயிடுச்சுன்னு ஒத்துக்கோங்க, அவனுக்கு ஏற்கனவே தெரியும், முதல் தடவை கேட்டத அவன் மறந்திருக்க மாட்டான். அந்த அம்மா ஏன் கேக்காம அடிச்சான்னு கண்டிப்பா கேப்பான். பயந்துட்டா, பயத்துல தப்பு பண்ணிட்டா, கேட்டிருக்கணும்னு சொல்லுங்க. நீயும் அப்படி பண்ணுவியான்னு கேட்டா, அதுக்கு என்ன சொல்லணும்னு நான் எழுதிக் குடுக்க முடியாது, அது உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல.

நாய் கதை எழுதினவங்களுக்கு உங்க கடிதத்த அனுப்பி வச்சிருக்கேன். அடுத்த இதழ்ல வர்ற கதையிலயும் ஒரு வாத்து திரும்பி வராது, முன்கூட்டியே சொல்லிடறேன், நீங்க ஒரு தடவை தனியா படிச்சுட்டு அப்புறம் பையனுக்கு படிச்சு காட்டுங்க.