பாறைக்கரை நடை: வழிகாட்டியிடம் என்ன கேட்பது, எந்தப் பாதையில் போவது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஓகஸ்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அண்ணாமார் குடும்பங்களோடு வருகிறார்கள். 13 வயது மருமகள் முதல் 70 வயது அப்பா வரை மொத்தம் 18 பேர். கீரிமலையில் தொடங்கி, கடலோரப் பாறைகளைப் பார்த்தபடி பருத்தித்துறை வரை வழிகாட்டி ஒருவரோடு நடக்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு நீரிழிவு. இது எங்களுக்குச் சரிவருமா? வழிகாட்டியை எப்படித் தெரிவு செய்வது?"

சரிவரும். ஆனால் பிள்ளைகள் நினைக்கிற வழியில் அல்ல. கீரிமலைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே நேர்கோட்டிலேயே 20 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, கரை முழுவதும் நடக்கத் திறந்திருக்கவில்லை என்பதுதான். காங்கேசன்துறைத் துறைமுகம், கடற்படையின் இடங்கள், பலாலி விமான நிலையம், அதைச் சுற்றியுள்ள படைமுகாம் நிலம் எல்லாம் நடுவில் வருகின்றன. போரால் 1990இல் மக்கள் விட்டுப்போன வலிகாமம் வடக்குக் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டு வருகின்றன. மயிலிட்டித் துறைமுகமே 2017இல்தான் மக்கள் கைக்குத் திரும்பி வந்தது. எந்த ஒழுங்கை இன்று திறந்திருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆகவே இதை இரண்டு காலை நடைகளாகப் பிரியுங்கள். ஒன்று கீரிமலை. 18 பேரும் போகலாம். தூரம் குறைவு, பார்க்க நிறைய இருக்கிறது. மற்றது பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறை வரை, ஏழெட்டுக் கிலோமீற்றர். இது நடக்கக்கூடியவர்களுக்கு. முடியாதவர்கள் வழியிலுள்ள பொலிகண்டியில், கூட வரும் வான் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

இந்தக் கரையின் ஆபத்து எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைத் தவறாகக் கணிக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் செங்குத்தான வெள்ளைப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு நம்முடைய கரை விளையாட்டாகத் தெரியும். நமது பாறை விளிம்புகள் பெரும்பாலும் சில மீற்றர் உயரம்தான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நீரில் கரையும். மழைநீர் மேலிருந்து கரைக்கிறது, அலை கீழிருந்து குடைகிறது. அதனால் விளிம்பு பல இடங்களில் கறையான் தின்ற பலகை போல, மேலே முழுசாகத் தெரிந்தாலும் கீழே வெறுமையாக இருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த நுனியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நின்று படம் எடுப்பதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். விழுகிற உயரம் இரண்டு ஆள் அளவுதான் என்றாலும், விழுகிற இடம் கத்திபோல் கூரான கல். எலும்பு முறிய அது போதும்.

விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் உள்ளே நிற்க வேண்டும். பாறையில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் அதையும் தாண்டி உள்ளே. குழுப்படம் எடுக்க மணல் அல்லது சமதரை உள்ள இடத்தை வழிகாட்டி முன்கூட்டியே காட்டட்டும். அப்போதுதான் பிள்ளைகள் தாங்களாக இடம் தேடி நுனிக்குப் போகமாட்டார்கள்.

ஓகஸ்டில் வீசுவது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. வடக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் அது உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கடல் அடங்கிக் கிடக்கும், வாடைக்காற்றுக் காலத்தில் பாறையில் மோதிச் சிதறும் அலை இராது. அது நல்லது. ஆனால் தொப்பி பறந்தால் கடல் பக்கமாகத்தான் பறக்கும், அதைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை விளிம்பை நோக்கித்தான் ஓடும். நாடா கட்டிய தொப்பி, இல்லாவிட்டால் தலைத்துண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தெரியவில்லை. அதேபோல, அமைதியாகத் தெரிகிற கடலில் காற்றடைத்த மெத்தை, பந்து எதையும் இறக்க விடாதீர்கள். காற்று அவற்றை வெளியே இழுத்துக்கொண்டு போகும், பின்னால் பிள்ளை நீந்திப் போகும்.

அதே காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள், குறிப்பாகக் குளிர் நாட்டிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே வருகிறது. வழியில் நிழல் மிகக் குறைவு. ஆகவே விடிகாலை ஐந்தே முக்காலுக்கு நடக்கத் தொடங்கி, எட்டரை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். அதோடு ஜீவனிப் பொட்டலங்கள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்), அல்லது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், அல்லது மோர். வந்து இறங்கியவர்களுக்கு முதல் மூன்று நாள் நடை வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழகட்டும். யாராவது தடுமாறி நடந்தால், கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடுப்பை நனைத்து, விசிறியபடி 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

இனி பாதைகள். கீரிமலையில் நகுலேஸ்வரத்தைத் தரிசித்துவிட்டுக் கேணிக்கு இறங்கலாம். கடலுக்குப் பக்கத்திலேயே, ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம், நல்ல தண்ணீர் ஊறுகிறது. உள்நாட்டில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியாகவே ஓடி வந்து இங்கே வெளியேறுகிறது. நம்முடைய கிணறு எல்லாவற்றுக்கும் அடிப்படையான இந்தச் சங்கதியைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் குடாநாட்டில் இல்லை என்பேன். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றையும் அதே நாளில் காட்டினால் கதை முழுமையாகும்: அங்கே மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. ஈமக் கிரியைக்கும் பிதிர்க்கடனுக்கும் வருகிறவர்கள் இருக்கும் இடம் என்பதால் குரலைத் தணித்து, உடுப்பில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் இந்த நடையை வைக்காதீர்கள், சனம் தாங்காது.

காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பக்கம் சீமெந்துக்காகக் கல் தோண்டிய பெரிய குழிகள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஓரம் பொடிந்து விழும், ஏறி வர வழி இராது. அந்தப் பக்கம் போக வேண்டாம். பற்றை வளர்ந்த, ஆளில்லாத காணிகளுக்குள்ளும் யாரும் ஒதுங்கக்கூடாது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியாலேயே திரும்ப வேண்டும். பெண்களும் வயதானவர்களும் உள்ள குழுவுக்கு மலசலகூடம் எங்கே என்பதை முதல் நாளே உறுதி செய்ய வேண்டியது இதனால்தான். வழியில் தெரிந்தவர் வீடு ஒன்றிருந்தால் சொல்லி வையுங்கள்.

பருத்தித்துறை நடையைக் கிழக்கிலிருந்து மேற்கே வைக்கச் சொல்கிறேன். காலை வெயில் முதுகில் விழும், கண் கூசாது. கடல் வலக்கைப் பக்கம் வரும். நமது வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், வீதி வருகிற இடங்களில் வலது ஓரமாக நடந்தால் எதிரே வரும் வாகனத்தையும் பார்க்கலாம், கடல் பக்கத்தையும் விடவேண்டியதில்லை. ஒற்றை வரிசை, கதைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போவது கூடாது. 1916இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டை வெளியிலிருந்து பாருங்கள்; உள்ளே ஏறுவதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். சற்று மேற்கே சக்கோட்டை முனை. இலங்கையின் வடமுனை பருத்தித்துறைப் பட்டினம் என்றே பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது இந்த முனைதான். அங்கே கொஞ்சம் இருந்து, பருத்தித்துறை வடையைப் பிரித்துச் சாப்பிடலாம். வலை காயப்போட்டிருக்கும் இடங்களில் வலையை மிதிக்காமல், கேட்டுவிட்டுக் கடக்க வேண்டும். முடிவு வல்வெட்டித்துறை. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. கனடாவில் வளரும் பிள்ளைகளுக்கு அதை அந்தக் கரையில் நின்று சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இப்போது வழிகாட்டி. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கோட்டையையும் நூலகத்தையும் நல்லூரையும் அழகாக விளக்குகிறவர் இந்தப் பாறையை ஒருமுறைகூட நடந்திருக்கமாட்டார். "இந்தத் துண்டைக் கடைசியாக எப்போது நடந்தீர்கள், இப்போது எங்கே மூடியிருக்கிறது?" என்று கேளுங்கள். உடனே இடம் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. "நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் வான் எங்கெங்கே வந்து நிற்கும்?" என்பது அடுத்தது. பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: கீரிமலைப் பக்கத்துக்குத் தெல்லிப்பழை, பருத்தித்துறைப் பக்கத்துக்கு மந்திகை. "எப்படியான நாளில் நீங்கள் போகமாட்டீர்கள்?" என்றும் கேளுங்கள். எந்த நாளிலும் போகலாம், பயப்படாதீர்கள் என்கிறவரை எடுக்க வேண்டாம். என் கணக்கில் நல்ல வழிகாட்டி என்பவர் திரும்பிப் போவோம் என்று சொல்லத் தெரிந்தவர்.

18 பேருக்கு ஒருவர் போதாது. முன்னால் வழிகாட்டி, பின்னால் பொறுப்பான இன்னொருவர். பின்னால் வருபவர் உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம், ஆனால் அவருக்குப் பின்னால் எவரும் நிற்கக்கூடாது, அவர் படம் எடுக்க நிற்கவும் கூடாது. ஒவ்வொரு தரிப்பிலும் தலை எண்ணுங்கள். வேகத்தை மெதுவாக நடப்பவர்தான் தீர்மானிக்கிறார். அவரை முன்னால், வழிகாட்டிக்கு அடுத்ததாக விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் ஆறிவிட்டு எழும்பும்போதுதான் அவர் வந்து சேருவார், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

அப்பாவைப் பற்றி. கீரிமலைக்கு அவர் தாராளமாக வரலாம். பருத்தித்துறை நடையில் சேர்வதற்கு முன் அவருடைய வைத்தியரைக் கேளுங்கள்: எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பாட்டோடு என்று. நீரிழிவுக் குளிசையோ ஊசியோ எடுத்துவிட்டு வெறுவயிற்றில் நடந்தால் சீனி இறங்கிவிடும். நல்லூர்த் திருவிழா பெரும்பாலும் ஓகஸ்டில்தான் வரும். விரதம் பிடிப்பவராக இருந்தால் அந்த நாளில் நடை வேண்டவே வேண்டாம், இது அப்பாவுக்கு மட்டுமல்ல. சட்டைப்பையில் குளுக்கோசு அல்லது இனிப்பு இருக்கட்டும், வானில் விட்டுவிட்டு வரக்கூடாது. நீரிழிவில் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். கல் கிழித்தாலும் தெரியாது. ஆகவே சிலிப்பர் வேண்டாம், முன்பக்கம் மூடிய, ஏற்கனவே போட்டுப் பழகிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும், அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும்.

அண்ணாமாரிடம் இரண்டு விஷயம் இப்போதே சொல்லிவிடுங்கள். ட்ரோன் கொண்டு வருவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. பலாலி பக்கத்தில் இருப்பதால், வீட்டில் விட்டுவிட்டு வருவதே நல்லது. முகாம்களைப் படம் எடுப்பதும் வேண்டாம். மற்றது, அவர்களுடைய பயணக் காப்புறுதி நடைப்பயணத்தில் ஏற்படும் காயத்தையும் சேர்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்டணம் பேசும்போது ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: காற்றோ மழையோ காரணமாக அவர் நடையை நிறுத்தினாலும், அல்லது பாதி வழியில் திருப்பினாலும், ஒத்துக்கொண்ட தொகையில் இவ்வளவு பங்கு நிச்சயம் கிடைக்கும் என்று. ஒரு நாள் உழைப்பு போய்விடுமே என்ற கவலையோடு நடக்கிறவர், திரும்ப வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் என்று யோசிப்பார். எந்தப் பங்கு என்பதை உங்களுக்குள் பேசித் தீர்மானித்து, திகதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடைக்கு ஒதுக்கும் காலைக்கு அடுத்த நாளையும் வெறுமையாக வைத்திருந்தால், தள்ளிப்போடுவது இரு பக்கத்துக்கும் சுலபம்.