விட்டுப்போன விறைப்பும் விடாத தலையிடியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. போன கிழமை காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கோப்பை கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சுக் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருக்கிறது, அப்போது சொல்லலாம் என்கிறார். பொறுத்திருக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இதை வாசித்த கையோடு அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் விவரிப்பது, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்று சிறிது நேரம் அடைபட்டுத் தானாகத் திறந்துகொண்ட நிலையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அறிகுறி மறைந்துவிட்டதால் ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. முழுமையான பாரிசவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணித்தியாலங்களில் மிக அதிகம். அதன் பின்னரும் சில கிழமைகளுக்கு அது நீடிக்கும். இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, கழுத்து இரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று பார்த்து, உரிய மருந்தைத் தொடங்கினால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

மீண்டும் அப்படி ஏற்பட்டால், சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பதால், வைத்தியர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். தூங்கி எழும்பும்போதே கை கால் இயங்கவில்லையென்றால், அவர் கடைசியாக நன்றாக இருந்ததை நீங்கள் கண்ட நேரத்தைச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்குமுன் டிஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அடைப்பா இரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும், கசிவாக இருந்தால் டிஸ்பிரின் அதைக் கூட்டிவிடலாம். சோடாவோ தண்ணீரோ பருக்குவதும் ஆகாது. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: வயல் வாடியில் காவலுக்குப் படுத்த என் தம்பி, விடியப்புறம் வயிற்றுவலி, சத்தி என்று எழும்பினான். சற்று நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். வைத்தியசாலையில் பாம்புக்கடி என்று சொல்லி மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே, கடித்தால் தெரியாதா? (திருக்கோவில்)

பதில்: தெரியாமலே போகலாம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. நிலத்தில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் தீண்டுகிறது. அதன் பல் மிகச் சிறியது. கடிவாயில் வீக்கமோ எரிவோ அநேகமாக இருக்காது, பலர் விழிப்பதே இல்லை. நஞ்சு நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்குவதால் முதலில் இமை விழும், பின்னர் பேச்சும் விழுங்கலும் தளரும், கடைசியில் மூச்சு நின்றுபோகும். அதனால் நிலத்தில் படுத்து எழும்பியவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால், கடி அடையாளத்தைத் தேடிக்கொண்டு நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். விஷக்கடிப் பரிகாரியிடம் முதலில் காட்டிவிட்டுப் போகலாம் என்று வழியில் இறங்கும் ஒரு மணித்தியாலம் உயிரைக் குடித்துவிடக்கூடும். வேளைக்கு வந்து சேர்ந்தால், மூச்சுத் தளர்ந்தவரையும் சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்ற முடியும். இனிமேல் தம்பி வாடியில் கட்டிலோ பரணோ போட்டு, நுளம்பு வலையின் விளிம்பை நன்றாகச் செருகிவிட்டுப் படுக்கட்டும்.

கேள்வி: பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு ஒற்றைத் தலையிடி. இப்போது வயது 38. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? (கல்முனை)

பதில்: இருபது வருடமாக ஒரே மாதிரி வந்து போகும் தலையிடிக்கு ஸ்கேன் அநேகமாகத் தேவைப்படாது. மாதிரி மாறினால்தான் யோசிக்க வேண்டும். இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் மயக்கமும் சேர்ந்த தலையிடி, கை கால் சோர்வோடு வரும் தலையிடி ஆகியவற்றுக்கு அன்றே, அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாளுக்கு நாள் கூடி, காலையில் சத்தியோடு எழுப்பும் தலையிடியையும் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாகத் தலையிடி தொடங்கி, தலை வாரும்போது நெற்றிப்பொட்டு நொந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடையும் வலித்தால், கண் பார்வையே பறிபோகும் அபாயம் உண்டு. அவரையும் உடனே காட்டுங்கள். இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன்: மாதத்தில் எத்தனை நாள் பனடோல் போடுகிறீர்கள்? பதினைந்து நாளுக்குக் குறையாமல் மாதக்கணக்கில் போடுபவர்களுக்கு அந்தக் குளிசையே தலையிடியைப் பிடித்துவைத்திருக்கும்.

கேள்வி: இரண்டு பாதமும் விறைக்கிறது, செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. சீனிக்கு மெட்போமின் எடுக்கிறேன். (வாழைச்சேனை)

பதில்: சீனி வருத்தமே இதற்கு முதல் காரணமாக இருக்கலாம். மெட்போமினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைவதும் உண்டு, குறைவைக் கண்டுபிடித்தால் எளிதில் ஈடுசெய்யலாம். ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சட்டையைக் கழற்றித் தோலையும் ஒருமுறை பாருங்கள். வெளிறியோ சிவந்தோ, தொட்டால் உணர்ச்சியில்லாத படையொன்று இருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். தொழுநோய் நம் மாவட்டத்தில் இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டுத்தான் வருகிறது. தொழுநோயாளரை முன்பு ஒதுக்கிவைத்த மாந்தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய பயத்தில் மறைப்பவர்களை இன்றும் காண்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வீட்டிலிருந்தபடியே இலவசக் குளிசை எடுத்தால் குணமாகும் நோய் அது. தாமதித்தால் மடங்கிப்போன விரல்தான் மீளாது.

இவையெல்லாம் கிழமைக் கணக்கில் பார்க்கக்கூடியவை. காலில் தொடங்கிய விறைப்பும் சோர்வும் ஓரிரு நாளில் முழங்கால், இடுப்பு என்று மேலேறினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மகனுக்கு முதன்முறையாக வலிப்பு வந்தது. அயலவர்கள் கையில் திறப்பைத் திணித்தார்கள். அது சரியா? (ஆரையம்பதி)

பதில்: இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக நிற்கும் நேரத்தில் திறப்பு கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது, அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, மணிக்கூட்டைப் பார்ப்பது. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலும் 1990. முதல் வலிப்பு என்பதால், நின்றுவிட்டாலும் அன்றே காட்டியிருக்க வேண்டும். இன்னும் காட்டவில்லையென்றால் இன்று போங்கள். பரிசோதனை முடியும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டவோ, தனியாகக் கிணற்றடியிலோ வாவியிலோ குளிக்கவோ விட வேண்டாம். கண்டவர் யாராவது கைத்தொலைபேசியில் பிடித்திருந்தால் அதை வைத்தியருக்குக் காட்டுங்கள்; எங்களுக்கு அது பல சோதனைகளை விட உதவும்.

கேள்வி: எழுபது வயது அப்பாவுக்குச் சும்மா இருக்கும்போது வலது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. (அக்கரைப்பற்று)

பதில்: பார்கின்சன் நோயாக இருக்கலாம், அவசரமில்லை. அடுத்த ஓரிரு கிழமைக்குள் நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்பும்படி உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். தலைச்சுற்றுக்கென்று நெடுநாளாக எடுக்கும் சில குளிசைகளும் வயதானவர்களுக்கு இதே நடுக்கத்தைத் தருவதால், வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும், பார்மசியில் சும்மா வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.