வாசகர் கேள்வி – பதில்: வாசற்படியில் ஒரு வாளி மண்

கேள்வி: எங்கள் சந்தில் எல்லாமே ஓரறை வீடுகள். ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் பெயின்ட் வாளி, ஓட்டைக் குடம், எண்ணெய் டின் என எதிலாவது ஒரு செடி இருக்கிறது. கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கும் என் மகன், “இயற்கை வேண்டுமென்றால் அழகர்மலைக்குப் போக வேண்டும், இது வெறும் பழக்கம்” என்கிறான். வாளியில் வைத்த செடியை இயற்கையோடு கொண்ட உறவு என்று சொல்லலாமா? – ஒரு வாசகி, செல்லூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பழக்கம் என்று தம்பி சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அன்றாடம் தொட்டுப் பழகாத ஒன்றோடு உறவு எங்கிருந்து வரும்? அழகர்மலைக்கு எப்போதாவது போய், நூபுரகங்கையில் நீராடி, குரங்குக்குப் பயந்து பையை அணைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நாம் போகாவிட்டாலும் மலைக்குக் குறையொன்றும் இல்லை. வாசல் துளசியோ சித்திரை வெயிலில் இரண்டு நாள் மறந்தால் தலை தொங்கிவிடும். அரிசி களைந்த நீரையும் மீன் அலசிய நீரையும் சாக்கடையில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுகிற வீட்டில், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்ற கவலையிலும் செடிக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த வாளிகளில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் கற்பூரவல்லி, தூதுவளை, பிரண்டை, கற்றாழை, மருதாணி, கறிவேப்பிலை என, அழகுக்காக அல்லாமல் ஏதேனும் ஒரு தேவைக்காக வைத்தவையாகவே இருக்கும். விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிற பாட்டிதான், ராத்திரியில் பேரக் குழந்தைக்கு இருமல் வந்தால், செடியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு கற்பூரவல்லி இலையைக் கிள்ளி, அனலில் வாட்டிச் சாறு பிழிவார். இலை தன் வீட்டில் இல்லாவிட்டால் எதிர்வீட்டு வாளியில் கிள்ளுவார். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. ஒரு வீட்டில் ஒடித்த போத்து நாலைந்து வீடுகளில் வேர்பிடிப்பதால், சந்து முழுவதையும் ஒரே தோட்டம் என்று கொள்வதே பொருத்தம்.

தரை இருக்கும்போதே சிலர் வாளியில் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும், கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்களும், காலி செய்யச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய செடியைத்தான் வளர்க்க முடியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வேப்பங்கன்றைத் தரையில் ஊன்றுகிறார் என்றால், நிழல் தரும் அளவுக்கு அது வளரும்வரை இங்கேயே இருப்போம் என்று நம்பி ஊன்றுகிறார். இத்தகைய குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்றும்போது வீட்டுக்கு வீடு குழாயும் கழிப்பறையும் கணக்கில் வருகின்றன. ஒரு தொட்டி வைக்க வெயில் படும் திண்டு வேண்டும் என்பது மட்டும் வரைபடம் போடுகிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

தம்பியை அம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி போடும் வீட்டுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பாத்திரத்தில் மண்ணும் வைக்கோலும் காய்ந்த எருவும் இட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் நீர் தெளித்து, விரதமிருந்து வளர்க்கிறார்கள். ஒளி படாததால் பச்சையம் உருவாகாமல் பயிர் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று உயர்கிறது. அது செழித்தால் அவ்வாண்டு மழையும் குடும்பமும் செழிக்கும் என்பது நம்பிக்கை. கும்மியடித்து, தலையில் சுமந்துபோய், கண்மாயிலோ வைகையிலோ கரைத்துவிடுகிறார்கள். ஒரு செண்டு நிலம்கூட இல்லாத வீட்டுப் பெண்கள், விதைப்பவரின் பதற்றத்தை ஆண்டுதோறும் இவ்வாறு அறிகிறார்கள். பாடத்திட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள், டெங்கு பரவும் என்று எங்கள் தெருவில் தொட்டிகளை அகற்றச் சொல்கிறார்கள். செடி வைப்பதே தவறா? – ஒரு வாசகர், அனுப்பானடி

பதில்: செடியால் தீங்கில்லை, அடித்தட்டில் தேங்கும் தண்ணீர்தான் ஆபத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. அது கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். அல்லது தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரியும் என்பதால், நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டியைக் குறைசொல்வதற்கு முன், மூடியில்லாத தண்ணீர் டிரம்மையும் மாடியில் கிடக்கும் பழைய டயரையும் பார்ப்பது நல்லது.

கேள்வி: வாடகை வீட்டு மொட்டை மாடியில் வாளியில் மதுரை மல்லி வளருமா? கட்டடம் தாங்காது என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். – ஒரு வாசகி, ஜெய்ஹிந்துபுரம்

பதில்: நல்ல வெயில் இருந்தால் வளரும். அடியில் துளையிட்ட அகலமான தொட்டியில் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து பதியனை நடுங்கள். கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் கவாத்து செய்தால் பங்குனி, சித்திரையில் அரும்பு கட்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ என்றாலும், ஒரு தொட்டியிலிருந்து தினமும் ஒரு முழம் எதிர்பார்க்காதீர்கள். சாமி படத்துக்கு நாலு பூ கிடைக்கும். வீட்டுக்காரரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. 20 லிட்டர் வாளியில் ஈரமண் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் ஓரமாக வரிசைப்படுத்தி, தளத்தில் நீர் ஊறாதபடி இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணில் பாதிக்குத் தென்னைநார்க் கழிவு கலந்தால் பாரம் குறையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் மேலே எதையும் ஏற்ற வேண்டாம்.