கைக்குழந்தைக்குச் சைகை சொல்லித் தரலாமா? – கேள்வி பதில்

நான் 16 வருடமாக ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என் அம்மா, அப்பா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, எனக்குக் கேட்கும். அதனால் நான் முதலில் பேசியது கையால்தான். காது கேட்கும் குழந்தைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சைகை பழக்குவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, என் மகளுக்கு 6 மாதம் முடிந்துவிட்டது. எப்போது ஆரம்பிக்கலாம்? எத்தனை சைகை சொல்லித் தரலாம்? (திருப்பூர்)

இப்போதே ஆரம்பிக்கலாம் தங்கச்சி. ஆனால் பதில் உடனே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறு, ஏழு மாதத்தில் குழந்தை பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கும். கை அதன் பேச்சைக் கேட்கத் தொடங்குவது எட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல்தான். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதம் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி என்று பருவம் பிரித்து வைத்தார்கள். உங்கள் மகள் சப்பாணி கொட்ட ஆரம்பித்தால் சைகைக்கும் அவள் கை தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் மூன்று சைகை போதும்: பால், இன்னும், போதும். ஒரு நாளில் பத்து முறையாவது தேவைப்படும் சொல்லாக இருக்க வேண்டும், அதைக் காட்டினால் குழந்தைக்கு ஏதாவது கிடைக்கவும் வேண்டும். தேங்க்யூ, ப்ளீஸ் எல்லாம் அப்புறம். அவை நமக்குத்தான் இனிக்கும், குழந்தைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

10 மாதக் குழந்தை. இரண்டு மாதமாகச் செய்து காட்டுகிறேன். பார்த்துச் சிரிக்கிறான், திருப்பிச் செய்யவே மாட்டேன் என்கிறான். (ஓசூர்)

சாப்பாட்டு நேரத்தில் இப்படிச் செய்து பாருங்கள். இட்லியைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டுங்கள். அடுத்த வாயை உடனே நீட்டாமல் கையைக் கீழே வையுங்கள். உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கட்டும். இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டிக்காட்டி, வாயால் 'இன்னும் வேணுமா?' என்று கேளுங்கள். அப்புறம் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

இந்தப் பத்துதான் கஷ்டம். நம்மில் பெரும்பாலானோர் இரண்டு வரை எண்ணுவதற்குள் அடுத்த வாயை ஊட்டிவிடுகிறோம். எண்ணிக்கொண்டே அவனைப் பாருங்கள். முதலில் கிண்ணத்தைப் பார்ப்பான், அப்புறம் உங்கள் முகத்தை. கால் ஆடும். கை மேலே வரும், ஒரு கை முஷ்டியாகவும் இன்னொன்று விரிந்தும் இருக்கும், இரண்டும் கோணலாக முட்டிக்கொள்ளும். அந்தக் கோணல்தான் அவனுடைய 'இன்னும்'. உடனே ஊட்டிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு குழந்தை ஒரு விரலால் மறு உள்ளங்கையைக் குத்திக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று மூன்று வாரம் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது கேட்டது சோறு.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கையைக் காட்டினால்தான் சாப்பாடு என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பத்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையா, ஊட்டிவிட்டு அடுத்த வாய்க்குப் போங்கள்.

பேரனுக்கு 9 மாதம். மருமகள் கையை ஆட்டி ஆட்டியே சொல்லிக் கொடுக்கிறாள். கையிலேயே காரியம் முடிந்துவிட்டால் நாக்கு சோம்பேறி ஆகிவிடாதா அம்மா? (கும்பகோணம்)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் நீங்களே பேரனுக்கு டாட்டா காட்டச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், சாமி கும்பிடச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாட்டுக் காட்டியிருப்பீர்கள். இதனால் நம் வீட்டில் யாருக்காவது பேச்சு நின்றுபோனதா? மருமகள் செய்வதும் அதன் தொடர்ச்சிதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லிண்டா அக்ரடோலோ என்ற உளவியல் பேராசிரியர் 1980களில் தன் பெண் குழந்தையைக் கவனித்தார். அது பூவைப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக் காட்டியது. யாரும் சொல்லித் தராமல் அதுவாகவே ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தது. அவரும் சூசன் குட்வின் என்பவரும் சேர்ந்து பிறகு பல வருடம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். சைகை பழகியதால் யாருக்கும் பேச்சு பின்தங்கவில்லை.

இதற்கு ஒரே நிபந்தனை, கை காட்டும்போது வாயும் சொல்ல வேண்டும். என் கதையையே சொல்கிறேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் கையால் பேசினார்கள். பக்கத்து வீட்டில் பாட்டி இருந்தார், நாள் முழுக்க என்னிடம் பேசிக்கொண்டே இருப்பார், அவர் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டு மொழியும் வந்தன. ஆனால் நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, 'வீட்டில் கையை ஆட்டாதீர்கள், பிள்ளைக்குப் பேச்சு கெட்டுவிடும்' என்று எழுதிக் காட்டினார். அன்று இரவு அப்பா என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் மருமகளிடம் தயவுசெய்து கையை ஆட்டாதே என்று சொல்லாதீர்கள் அம்மா. நீங்களும் கூடச் சேர்ந்து ஆட்டுங்கள்.

மேடம், ஆன்லைனில் ஒரு வகுப்பு. சைகை பழகினால் குழந்தையின் ஐக்யூ 12 புள்ளி கூடும் என்று விளம்பரம். சேரலாமா? (கோவை, 7 மாதக் குழந்தையின் அப்பா)

வேண்டாம் தம்பி. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அக்ரடோலோவும் குட்வினும் தாங்கள் ஆராய்ந்த குழந்தைகள் எட்டு வயதை எட்டியபோது மறுபடி சோதித்து, 2000இல் ஒரு மாநாட்டில் வாசித்த கணக்கு அது. மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்து ஆய்விதழில் வெளியான முடிவு அல்ல. 2005இல் கனடா ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, சைகையால் பேச்சு வேகமாக வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். 2013இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 40 குழந்தைகளை 8 மாதத்திலிருந்து 20 மாதம் வரை தொடர்ந்து கவனித்தது. சைகை பழகிய குழந்தைகளுக்கும் பழகாத குழந்தைகளுக்கும் பேச்சில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்று தெரிந்தது, எனக்கு அதுதான் பெரிது. சைகை பழக்கிய அம்மாக்கள், குழந்தை வாய் திறக்காமல் காட்டும் சின்னச் சின்னக் குறிப்புகளைக் கூடுதலாகக் கவனித்துப் பதில் சொன்னார்கள். மாறியது பெரியவர்கள்தான். சைகை செய்யக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும், போனைக் கீழே வைத்தாக வேண்டும், பதிலுக்குக் காத்திருந்தாக வேண்டும். இதற்குக் கட்டணம் எதற்கு? அந்தப் பணத்தில் மகனுக்குத் துணிப் புத்தகம் நாலு வாங்குங்கள்.

ரீல்ஸில் பார்ப்பது எல்லாம் அமெரிக்கச் சைகையாமே? நாம் எதைச் சொல்லித் தருவது? (சென்னை)

நான் காத்திருந்த கேள்வி இது. ஆமாம், விரல் நுனிகளைத் தட்டும் அந்த 'இன்னும்', பால் கறப்பது போல முஷ்டியை மூடித் திறக்கும் 'பால்', இரண்டும் அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வந்தவை. சைகை மொழி உலகத்துக்கே ஒன்று அல்ல. இந்திய சைகை மொழி தனி. அதற்குத் தனிச் சொற்கள், தனி இலக்கணம். ஆங்கில எழுத்துகளை அமெரிக்கர்கள் ஒரு கையால் காட்டுவார்கள், நாம் இரண்டு கையால் காட்டுவோம்.

வீட்டுக்குள் பால், சோறு கேட்க எந்தச் சைகையும் போதும், நீங்களாகவே ஒன்றை உண்டாக்கினாலும் சரி. ஆனால் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் நம் ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் ஓர் அகராதி செய்திருக்கிறது. 2018இல் 3,000 சொல்லாக இருந்தது 2021இல் 10,000 ஆனது. யூடியூபில் இலவசம். உங்கள் ஊரில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

இதில் எனக்கு ஒரு வலி உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையில் பாடம் நடத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். உலகம் முழுக்கப் பள்ளிகளில் சைகை செய்த கைகளை அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு 2010இல்தான், கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில், வருத்தம் தெரிவித்தார்கள். இன்று கேட்கும் குழந்தை சைகை காட்டினால் கெட்டிக்காரக் குழந்தை என்கிறோம். கேளாத குழந்தை காட்டினால் 'கையை இறக்கு, வாயால் சொல்' என்று இன்னும் எத்தனையோ வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளை பால் கேட்கும் ஒவ்வொரு சைகையும் யாருடைய மொழியிலிருந்து வந்தது என்று அதற்கு ஒருநாள் சொல்லிக் கொடுங்கள்.

எதைப் பார்த்தாலும் 'இன்னும்' காட்டுகிறாள். நாய்க்கும் இன்னும், ஃபேனுக்கும் இன்னும். தப்பாகக் கற்றுக்கொண்டாளா? (நாமக்கல்)

இல்லை. எல்லா ஆண்களையும் அப்பா என்று கூப்பிடும் குழந்தையைப் பார்த்ததில்லையா, அதே கதைதான். நாயைக் காட்டி நாய் என்று சொல்லி அதற்கு ஒரு சைகை கொடுங்கள். தானாகப் பிரித்துக்கொள்வாள்.

மகனுக்கு 18 மாதம். ஒரு சொல்கூட வரவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புவான். தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான். சைகை ஆரம்பித்தால் பேச்சு வந்துவிடுமா? (விழுப்புரம்)

தங்கச்சி, முதலில் காதைப் பாருங்கள், இந்த வாரமே. தட்டைத் தட்டுவது சோதனையே அல்ல. தட்டும் கை ஓரக்கண்ணில் தெரிந்திருக்கலாம், தரை அதிர்ந்திருக்கலாம். சில குழந்தைகளுக்குப் பாத்திரச் சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சொலி கேட்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ஓஏஇ, பெரா என்ற இரண்டு சோதனையையும் கேளுங்கள். ஊசி கிடையாது, வலிக்காது. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்த 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் உதவி. எங்கள் துறையில் இதைத்தான் மந்திரம் போல் சொல்வோம். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், அதனால் ஒரு நாளும் வீணாக்க வேண்டாம். 'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்' என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காது நன்றாகக் கேட்டால் அடுத்து குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள். கண்ணைப் பார்க்கிறானா, விரலை நீட்டிக் காட்டுகிறானா, முன்பு வந்த ஏதாவது இப்போது நின்றுவிட்டதா என்று கேட்பார். குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

சைகையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், அதில் கெடுதல் இல்லை. ஆனால் சோதனைக்குப் பதிலாக அல்ல. ஒருவேளை கேட்கவில்லை என்று தெரிந்தால், உலகம் இருண்டுவிட்டதாக நினைக்காதீர்கள். காதுக்கு மெஷின் வைத்தாலும், ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்தாலும், அதோடு சைகை மொழியும் கொடுங்கள். என் அம்மா இரண்டு பிள்ளைகளை வளர்த்து, தையல் மெஷின் ஓட்டி வீடு கட்டியவர்.

நாக்கில் வசம்பும் தேனும் தேய்த்தால் சீக்கிரம் பேச்சு வரும் என்கிறார்கள். (தேனி)

வேண்டவே வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆபத்து, அதிலுள்ள கிருமி தசையையே செயலிழக்கச் செய்யும். பேச்சு மூளையிலும் காதிலும் இருக்கிறது, நாக்கின் தோலில் இல்லை.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 14 மாதம். அவளுக்கும் உதவுமா? (திருநெல்வேலி)

கட்டாயம் உதவும். இவர்களுக்குப் புரிவது முன்னே ஓடும், வாய் பின்னே வரும். அந்த இடைவெளியில் சைகை ஒரு பாலம். இங்கிலாந்தில் 1970களிலிருந்து மகட்டன் என்ற முறையில் பேச்சோடு முக்கியமான சொல்லுக்கு மட்டும் சைகை சேர்த்துப் பழக்குகிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

வீட்டில் தமிழ், குழந்தைக் காப்பகத்தில் ஆங்கிலமும் சீனமும். சைகையும் சேர்ந்தால் குழம்பிவிடாதா? (சிங்கப்பூர்)

குழம்பாது. 'பால்' என்றாலும் 'மில்க்' என்றாலும் கை ஒன்றேதான் என்று ஆகும்போது, இரண்டும் ஒரே பொருள் என்று குழந்தை பிடித்துக்கொள்ளும். நீங்கள் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அக்கா, உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுத்தீர்களா? (மதுரை)

இல்லை, அம்மாதான். நான் வேலைக்குப் போனதும் பகல் முழுக்க மகள் அவரிடம்தான் இருப்பாள். அவளுக்கு 14 மாதம் இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. இருட்டில் கை தெரியாது, எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பேச்சும் போய்விடும். நான் அடுப்படியில் இருந்தேன், அழுகைச் சத்தம் கேட்கவில்லையே என்று வந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். மகள் அம்மா மடியில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, குவிந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் விளக்குக்கு அதுதான் சைகை. அம்மா அவளை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய் டார்ச்சைத் தேடினார்.