நவஹோ நிலத்தில் கேமரா: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் டல்லாஸில் வசிக்கிறேன். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வரும் செப்டம்பரில் குடும்பத்தோடு ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்கும், செம்பாறைக் குன்றுகள் நிற்கும் மான்யுமென்ட் வேலிக்கும் போகிறோம். புகைப்படம் எடுப்பதுதான் என் முக்கிய நோக்கம். ஆனால் விசாரிக்க விசாரிக்க எரிச்சல்தான் வருகிறது. ஆன்டலோப்பில் கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். டிரைபாட் கூடாது, டிரோன் கூடாது. போய்வந்த நண்பர் ஒருவர் தறியில் நெய்துகொண்டிருந்த பாட்டியைப் படமெடுக்கப் போனபோது கைடு தடுத்து, "முதலில் அவரிடம் கேளுங்கள், ஏதாவது பணமும் கொடுங்கள்" என்றாராம். பாறையும் வெளிச்சமும் இயற்கை தந்தவைதானே? யோசெமிட்டியில் நாள் முழுக்க என் இஷ்டத்துக்குச் சுற்றிப் படமெடுத்திருக்கிறேன். இங்கே மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? கைடு பின்னால் ஓடி ஓடி எடுத்தால் நல்ல படம் வருமா?

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரும். கைடோடு போனால்தான் வரும் என்பது என் எண்ணம்.

யோசெமிட்டியோடு ஒப்பிட்டீர்கள் அல்லவா, அங்கேதான் பிரச்சினை. யோசெமிட்டி மத்திய அரசின் பூங்கா. நீங்கள் போகும் இரண்டு இடங்களும் இருக்கும் நவஹோ நிலம் அப்படியல்ல, அது நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடையது. அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த நிலத்துக்குத் தனி அரசு இருக்கிறது. விண்டோ ராக் என்ற ஊரில் அவர்களுடைய சட்டமன்றம் கூடுகிறது. சொந்த நீதிமன்றமும் போலீசும் உண்டு. மான்யுமென்ட் வேலியை 1958-ல் பூங்காவாக அறிவித்தது நவஹோக்களின் சபைதான். உங்களிடம் இருக்கும் தேசியப் பூங்கா வருடாந்தர பாஸ் அங்கே செல்லாது. 27 கிலோமீட்டர் மண்சாலை ஒன்றில் நீங்களே வண்டி ஓட்டிப் போகலாம். அதைத் தாண்டினால் குடும்பங்கள் வசிக்கும் இடம், ஆடு மேயும் இடம். கிழக்கு பார்த்த வாசலோடு ஹோகன் என்ற அவர்களுடைய மரபு வீடு ஒன்று தெரியும், பக்கத்தில் பிக்கப் வண்டி நிற்கும். யாருடைய வீட்டுக் கொல்லைக்குள்ளும் கேட்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைய மாட்டோம் அல்லவா?

ஆன்டலோப்பில் கைடு கட்டாயம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டலோப்பின் கீழ்ப் பகுதியான லோயர் ஆன்டலோப்பில் திடீர் வெள்ளம் வந்து சுற்றுலா வந்த 11 பேர் இறந்தார்கள். மழை கொட்டியது ஓடையின் மேல்பக்கத்தில், பல கிலோமீட்டர் தள்ளி. பாலைவனத்தின் கெட்டியான தரை தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் வறண்ட ஓடைகளில் சேர்ந்து, ஆள் ஒருக்களித்து நுழையும் அகலமே உள்ள அந்த இடுக்குக்குள் சுவராக எழும்பி வந்துவிடும். அன்றைக்கு உள்ளே இருந்தவை மர ஏணிகள். இன்று பாறையில் முடுக்கிய இரும்புப் படிகள் இருக்கின்றன, வானிலை ரேடியோவும் எச்சரிக்கை ஒலியும் இருக்கின்றன. கைடு "கிளம்புங்கள்" என்றால் அந்த நொடியே கிளம்புங்கள். பாதி எக்ஸ்போஷரில் இருந்தாலும் சரி.

அப்புறம் வெளிச்சம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

மேல் பகுதியான அப்பர் ஆன்டலோப்பில் எனக்குக் கைடாக வந்தவர் பேஜ் ஊருக்குப் பக்கத்திலுள்ள லீச்சீயைச் சேர்ந்த ஒரு பெண்மணி. உச்சிப்பொழுதில் கூரையின் பிளவு வழியாக ஒளிக்கற்றை ஒன்று தரையில் குத்தி இறங்கியது. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சூரியன் உயரத்தில் இருக்கும்போது மட்டும் வரும் ஒளி அது. கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்துத் திரும்பியது. அவர் என் தோளைத் தொட்டு, எதிர்ப்பக்கச் சுவரைக் காட்டினார். உதடுகளைக் குவித்துத்தான் காட்டினார். விரல் நீட்டிச் சுட்டுவது அவர்களிடம் அவ்வளவு மரியாதையல்ல. சுவரின் மேல்விளிம்பு வெளிர் மஞ்சள். கொஞ்சம் கீழே ஆரஞ்சு. அதற்கும் கீழே செம்பு நிறம். தரையை ஒட்டிய வளைவில் கத்தரிப்பூ நிறம். வெயில் ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குத் தெறிக்கிறது. ஒவ்வொரு தெறிப்பிலும் பாறையிலுள்ள இரும்பு ஆக்ஸைடு நீல ஒளியை விழுங்கிவிட, மிச்சமிருப்பது மேலும் மேலும் சிவக்கிறது. அந்தத் தெறிப்பு எட்டாத மடிப்புகளில் வானத்தின் நீலம் மட்டும் வடிந்து இறங்குகிறது. ஒரே சுவரில் இத்தனை நிறங்கள் அடுக்காக நிற்பதற்கு அதுதான் காரணம். ஒளிக்கற்றையை விட்டுவிட்டு அந்தச் சுவரை எடுத்தேன். அன்று எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

குழுவில் ஒரு வயதானவர் போனை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டுச் சலித்து நின்றார். கைடு அதை வாங்கி, நிற அமைப்பைச் சூடான பக்கம் மாற்றி, சுவரோடு சுவராக அணைத்து மேல்நோக்கிப் பிடித்து ஒருமுறை தட்டினார். திருப்பிக் கொடுத்ததைப் பார்த்துப் பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம். தினமும் அந்தச் சுவர்களுக்கு நடுவே நடக்கிறவருக்கு எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்த வளைவில் நிறம் ஏறும் என்பது மனப்பாடம். அதை எந்த மொபைல் ஆப்பும் உங்களுக்குச் சொல்லாது.

டிரைபாட் இல்லை என்று வருந்த வேண்டாம். இன்றைய கேமராவில் ஒளி உணர்திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 1600 வரை தாராளமாக ஏற்றலாம். பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபார்மட்டில் எடுங்கள். நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்ப வேண்டாம், பாறையின் ஆரஞ்சைத் தவறென்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கான டேலைட் அமைப்பில் வைத்துவிடுங்கள். வானம் ஒரு துளிகூட படச்சட்டத்துக்குள் வரக்கூடாது. வந்தால் அந்த இடம் வெறும் வெள்ளையாகப் பொசுங்கிவிடும், சுற்றிலும் இருட்டு. உள்ளே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். மாவு போன்ற மணல் மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அகலக்கோண லென்ஸ் ஒன்றை வெளியிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். சுவரில் ஓடும் சாய்ந்த கோடுகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல் மேடுகளின் சரிவுகள் அவை.

அப்பரில் உச்சிவேளையில் நெரிசல் என்பது உண்மை. விரட்டிக்கொண்டே போவார்கள். நிதானமாக எடுக்க வேண்டுமென்றால் அதே பகுதியில் கூட்டம் குறைந்த வேறு பாறை இடுக்குகளும் உண்டு, அவற்றுக்கும் நவஹோ கைடுகள் அழைத்துப் போகிறார்கள். நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

மான்யுமென்ட் வேலியில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. மிட்டன் என்ற பெயரில் இரண்டு குன்றுகள், கட்டைவிரல் தனியாக நிற்கும் கையுறை மாதிரி இருக்கும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சில நாட்கள் மட்டும், சூரியன் மறையும்போது மேற்கு மிட்டனின் நிழல் நேராகக் கிழக்கு மிட்டனின் மேல் போய் விழும். பார்வையாளர் மையத்தின் முன்னாலிருந்தே எடுக்கலாம். உங்கள் தேதியைக் கொஞ்சம் நகர்த்த முடிந்தால் செப்டம்பர் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடத்துக்கு முன்னாடியே போய் நில்லுங்கள், அன்றைக்குக் கேமராக்காரர்கள் வரிசைகட்டி நிற்பார்கள்.

மறுநாள் கைடோடு உள்சாலைக்குப் போங்கள். பிக் ஹோகன் என்ற பாறைக் குடைவில் சாய்ந்த பாறையின் மேல் முதுகைச் சாய்த்துப் படுக்கச் சொல்வார்கள். தலைக்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு துளை, அதில் நீலம். பார்த்துக்கொண்டே இருந்தால் பாறை ஒரு கழுகின் தலையாகும், துளை அதன் கண்ணாகும். எனக்கு வந்த கைடு அங்கே பாடினார். நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கே எடுக்கத் தோன்றவில்லை.

ஒன்று கவனியுங்கள். நவஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500-க்கும் மேல் இருக்கின்றன, 1944 முதல் 1986 வரை தோண்டியவை. மான்யுமென்ட் வேலிப் பக்கத்திலும் உண்டு. அழகான மேடு என்று நாமாக ஏறப் போவது வெறும் மரியாதைக்குறைவு மட்டுமல்ல, ஆபத்தும்தான்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன பாட்டி. அந்தக் கைடு செய்ததுதான் சரி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 1864-ல் அமெரிக்க ராணுவம் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்களுடைய பீச் பழ மரங்களை வெட்டி, பயிரைக் கொளுத்தி, ஆயிரக்கணக்கானவர்களைச் சுமார் 480 கிலோமீட்டர் நடத்தியே போஸ்க் ரெடோன்டோ முகாமுக்குக் கொண்டுபோனது. வழியிலும் முகாமிலும் நிறையப் பேர் செத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். 1904-ல் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர், முதுகைக் காட்டி இருட்டுக்குள் குதிரையில் போகும் நவஹோக்களைப் படமெடுத்து, 'மறைந்துகொண்டிருக்கும் இனம்' என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற படம். இன்று பதிவு பெற்ற நவஹோக்கள் சுமார் 4 லட்சம் பேர். 1930-களின் கடைசியில் ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்ட் மான்யுமென்ட் வேலியில் சினிமா எடுத்தபோது நவஹோக்களை அப்பாச்சி என்ற வேறொரு பூர்வகுடியினராக நடிக்கவைத்தார். நூறு வருடத்துக்கும் மேலாக வெளியிலிருந்து வந்தவர்கள் அவர்களைத் தங்கள் இஷ்டத்துக்குப் படம்பிடித்து, தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்து, விற்றிருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்த ஒரு கிழவி, "என்னைக் கேள், எனக்கும் கொடு" என்று சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கொடுங்கள். கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். அந்த விரிப்பில் எந்த நிறம் ஆட்டின் சொந்த நிறம், எது செடியிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். அவர் "எடுத்துக்கொள்" என்று சொன்ன பிறகு கிடைக்கும் முகம் ஒளிந்து எடுத்த படத்தில் வரவே வராது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

டிரோனுக்கும் இதே பதில்தான். தம் வீட்டுக்கு மேலே, பூசை நடக்கும் இடத்துக்கு மேலே கேமரா பறக்க வேண்டாம் என்று ஒரு சமூகம் முடிவுசெய்திருக்கிறது. படங்களை விற்கும் எண்ணம் உண்டென்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், பலபேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளாது, நவஹோ நிலம் தள்ளும். ஆனால் ஆன்டலோப் டூர்கள் பேஜ் ஊரின் அரிசோனா நேரப்படி ஓடுகின்றன. செப்டம்பரில் மான்யுமென்ட் வேலி அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போனும் டவருக்கு டவர் மாறி மாறிக் காட்டும். முன்பதிவு செய்யும்போதே எந்த நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.