மீன்தூள் ஆலை நாற்றம்: தும்புப் படுக்கையின் அடியைப் பாருங்கள்
வணக்கம். திருகோணமலையில் மீன்தூள் ஆலை, அதன் நாற்றக் காற்றைச் சுத்தமாக்கத் தும்பும் கூட்டெருவும் நிரப்பிய உயிர்வடிகட்டி, கச்சான் என்ற வறண்ட காற்று தொடங்கியதும் பழைய நாற்றம் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வடிகட்டிக்குள் இருக்கும் அந்தத் தும்புப் படுக்கை காய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாற்றத்தைத் தின்பது தும்பல்ல, அதில் வாழும் நுண்ணுயிர்கள். அவை வாழப் படுக்கையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது. காற்று கீழிருந்து ஏறுவதால் அடிப்பக்கம்தான் முதலில் காயும். கையை விட்டு அடித்தும்பைப் பிழிந்து பாருங்கள். உள்ளே போகும் காற்றையே நீர்த்தூவலில் நனைத்து அனுப்புங்கள், உலர்த்தியிலிருந்து வரும் அந்தக் காற்றின் சூடும் 40 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கட்டும்.

அப்புறம் பிஎச், அதாவது படுக்கையின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. நாற்றக் காற்றில் உள்ள ஐதரசன் சல்பைட்டு வாயு கந்தக அமிலமாக மாறிப் படுக்கையைப் புளிக்க வைக்கும். நொறுக்கிய சிப்பி ஓடு கலந்தால் சரி. நம்மூரில் அதற்கா பஞ்சம்!