அரட்டைச் செயலியில் வலைப்பதிவு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிடித்த பத்துப் பதினைந்து வலைப்பதிவுகளை டெலிகிராமிலேயே தொடர முடியுமா?

முடியும். ஓடைகளை (தளத்தின் புதிய பதிவுகளை வரிசையாகத் தரும் 'ஃபீட்') படித்துச் சொல்லும் பாட் (அரட்டையில் தானாக இயங்கும் நிரல்) ஒன்றைச் சேர்த்து, ஓடையின் முகவரியைக் கொடுங்கள். பலர் முகப்பு முகவரியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் பெரும்பாலும் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலே போதும். பதினைந்தை ஐம்பது ஆக்கிவிடாதீர்கள். அரட்டையில் எதைப் படித்தோம், எது பாக்கி என்று கணக்கு நிற்காது. மேலே போனது போனதுதான்.

கேள்வி: பதிவு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் பாட் சொல்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. பெரும்பாலான பாட்கள் அவ்வப்போது போய் ஓடையை எட்டிப்பார்க்கின்றன, அவ்வளவுதான். உடனே தெரியவேண்டும் என்றால் புதுப் பதிவு வந்ததுமே தகவலைத் தள்ளிவிடும் வெப்சப் முறையைத் தளமும் பாட்டும் ஏற்க வேண்டும். அரை மணியில் என்ன குடிமுழுகிவிடும்?

கேள்வி: பாட் வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

எந்தச் செயலி, எந்த பாட், திரையில் என்ன வந்தது? ஒன்றும் சொல்லாமல் 'உடனே' மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சரி, பார்க்கிறேன்: டெலிகிராம் சேனலில் சேர்த்தீர்கள், அட்மின் ஆக்கவில்லை. குரூப் என்றால், கட்டளைகளைத் தவிர மற்ற பேச்சு பாட்டின் காதில் விழாது. வழக்கமான அமைப்பே அப்படித்தான்.

கேள்வி: அரட்டையில் எழுதி அனுப்பினால் வலைப்பதிவில் ஏற்றித் தரும் சேவை ஒன்று என் வேர்ட்பிரஸ் கடவுச்சொல்லைக் கேட்கிறது. தரலாமா?

தராதீர்கள். மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. பாதிப் பேர் கொடுத்துவிட்ட பிறகு கேட்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு கடிதம் போட வருபவருக்குச் சாவிக்கொத்தையே கொடுப்பீர்களா? வேர்ட்பிரஸ் 5.6 முதல், அதாவது 2020 கடைசியிலிருந்து, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கும் வசதி இருக்கிறது. வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் அட்மின் கணக்கில் உருவாக்கினால் அதற்கும் அட்மின் அதிகாரம்தான். ஆகவே பாட்டுக்குப் புதிய பயனர் கணக்கு திறந்து, 'பங்களிப்பாளர்' நிலையில் வையுங்கள். அவரால் வரைவு எழுத முடியும், வெளியிட முடியாது. படமும் ஏற்ற முடியாது. அதை நீங்கள் உள்ளே போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைவு, வரைவு என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன்? வீட்டுக்கு அனுப்பவேண்டிய ஒரு செய்தியை அவசரத்தில் பாட்டுக்குத் தட்டிவிட்டேன். அது பதிவாகவே வெளியாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் நீக்கினேன். அதற்குள் ஓடை வழியாகப் பலர் கைக்குப் போய்விட்டது. தளத்தில் அழித்தாலும் அங்கே அழியாது.

அப்புறம், டோக்கன், அதாவது பாட்டை இயக்கும் ரகசியக் குறியீடு. அதுவும் கடவுச்சொல்தான். 'அமைப்பு சரியா பாருங்கள்' என்று டோக்கன் தெரியும்படி திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியவர்கள் நான்கைந்து பேர். டெலிகிராமில் பாட்களை உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிடம் போய் அதை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கேள்வி: நீளமாக எழுதினால் ஒரு கட்டுரை இரண்டு மூன்று பதிவாக விழுகிறதே?

டெலிகிராமில் ஒரு செய்திக்கு 4096 குறிகள். மீறினால் செயலியே துண்டாக்கும். பாட் ஒவ்வொரு துண்டையும் தனிப் பதிவு என்று நினைத்துக்கொள்ளும். நமக்குச் சுருக்கு இன்னும் சீக்கிரம் விழும்: 'கொ' நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு. நீளமானதை அரட்டையில் எழுதாதீர்கள்.

கேள்வி: படங்கள் மங்கலாக ஏறுகின்றன.

படமாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்புங்கள். ஆனால் படம் எடுத்த இடம் ஃபைலுக்குள் பதிவாகியிருந்தால் அதுவும் கூடவே போகும். அதனால்தான், மறுபடியும், முதலில் வரைவு.

கேள்வி: இதெல்லாம் வாட்ஸ்அப்பில்?

சொந்த எண்ணில் அதிகாரபூர்வமற்ற கருவிகளை ஓட்டினால் எண்ணே முடக்கப்படலாம். சேனல் தொடங்கி, சுட்டியைக் கையால் ஒட்டுங்கள்.

கேள்வி: முன்பு ஜாபர் என்ற அரட்டை முறை வழியாகத்தான் பதிவு போடுவேன். இன்னும் வழி உண்டா?

ஜாபரின் நெறிமுறையான எக்ஸ்எம்பிபி உயிரோடுதான் இருக்கிறது. பாட்டை நீங்களே எழுதி, உங்கள் சர்வரிலேயே ஓட்டத் தயார் என்றால் தாராளமாக. கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்க வேண்டியிராது என்பதால் எனக்கும் இந்த வழிதான் பிடிக்கும்.